கூப்பிய கைகள்

எண்ணங்களை விரட்ட வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வருகிற போகிற பஸ்ஸை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருங்கள், எதிலும் ஏறிவிடாதீர்கள் என்று தண்டபாணி மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். சுலோச்சனா இன்றைக்கு ஒரு பஸ்ஸையும் விடவில்லை. வந்ததிலெல்லாம் ஏறி, படியில் தொங்கி, கண்டக்டரோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார மௌனத்தில் இது நான்காவது நாள். ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட யோகா கூடம், சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பாய், பாய்மேல் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள், கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கும் அட்டையில் 'மௌனத்தில் இருக்கிறேன்'. பேசக்கூடாது, எழுதிக் காட்டக்கூடாது, தலையாட்டக்கூடாது, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கக்கூடாது, கண்ணால் பேசுவதும் பேச்சுதான். யாராவது தெரியாமல் எதையாவது கேட்டுவிட்டால் பார்வையைத் தாழ்த்திக் கைகூப்பிவிட வேண்டும், அதுதான் எல்லாவற்றுக்கும் பதில். ரசம் ஊற்றட்டுமா என்றாலும் கைகூப்பல், காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் கைகூப்பல். முதல் மூன்று நாளும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டதுபோல் இருந்த இந்த இருப்பு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. சாவி எங்கே, பால் வந்ததா, சட்டையைத் தேய்த்தாயா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் காலமெல்லாம் பதில் சொல்லிச் சலித்த வாய்க்கு விடுமுறை. "பேசாம இருக்கறதா, நீயா?" என்று அவள் புருஷன் பொன்னுசாமி காரிலிருந்து இறக்கிவிடும்போது சிரித்தார். ஏன், தெரியாதா அவளுக்கு? நன்றாகவே தெரியும். அதுதான் இப்போது எரிகிறது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை, அதற்கு அட்டையும் கயிறும் வேறு தேவையில்லை.

கோபம் தொடங்கிய இடம் எதுவென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கு ஞாயிறு. ஞாயிறு காலை மூச்சுப்பயிற்சி முடிந்து கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் எழுந்து பேர், ஊர், உடம்புக்கு என்ன என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு மௌனம் கிடையாது. மூட்டுவலி எழுந்தது, சர்க்கரை எழுந்தது, தூக்கமின்மை எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நின்றது. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசனமும் ஒரு மூச்சும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு பக்கத்துப் பாயிலிருந்து ஒருத்தி எழுந்தாள், வந்ததிலிருந்து மாஸ்டர் முகத்தைத் தவிர எந்தப் பக்கமும் திரும்பாதவள். முப்பத்தைந்து வயது சொல்லலாம், புதுத் துண்டு, புது டிராக் பேண்ட், விலைச்சீட்டைக்கூட முழுதாகக் கிழிக்கவில்லை. "என்ற பேரு இந்துமதிங்க, உடுமலைப்பேட்டைங்க" என்றாள். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். "நெஞ்சுல கட்டிங்க. டெஸ்டெல்லாம் எடுத்தாச்சுங்க, அந்த நோவுதான்னு வந்திருச்சு. எடுத்துரோணும்னு டாக்டரு சொல்றாருங்க. மாஸ்டர் பேசுன வீடியோ ஒண்ணு வாட்ஸப்புல வந்துச்சு. கத்தி படாம கொணமான அக்கா ஒருத்தங்க இங்க இருக்காங்கன்னு. அவிங்களக் கண்ல பாத்துட்டா ஒரு தைரியம் வருமுன்னுதானுங்க வந்தேன்." நெஞ்சு என்றாள், பாவி. சுலோச்சனாவும் நெஞ்சு என்றுதான் சொல்லுவாள். பொம்பளைகள் எல்லாரும் அங்கே வந்ததும் ஒரு விரற்கடை மேலே தள்ளித்தான் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற பெண்ணிடம்கூட. வந்திருக்கும் நோவுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? எதற்கோ இருக்கிறது, போய்த் தொலைய மாட்டேன் என்கிறது.

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தம்மாவைத் தேடி எங்கியும் போக வேண்டாங்க. உங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்க" என்றார். கூடமே திரும்பியது, கண்ணைப் பார்க்கக்கூடாத மௌனக்காரர்கள் உட்பட. சுலோச்சனா சிமெண்டுத் தரையில் ஒரு வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க மொத மொதல்ல வர்றப்ப இடது கைய இப்படித் தோளுக்கு மேல தூக்க முடியாதுங்க. மொகத்துல களையே இல்ல. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க." எந்த டாக்டர்? அந்தக் கோயமுத்தூர் டாக்டரம்மா கையை விரிக்கிற ஆளா? சிடுசிடுவென்று, முகத்தைப் பார்க்காமல் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துடலாம், அப்புறம் மருந்து, அப்புறம் ரேடியேஷன், அதான் கரண்டு, முடி கொட்டும், திரும்ப வளரும், அழுவறதா இருந்தா இப்பவே அழுதுக்குங்க" என்று சொன்ன மனுஷி அவர். அவரைப்போய் கையை விரிக்க வைத்துவிட்டார் மாஸ்டர். இடது கை தூக்க முடியாமல் போனது ஏன்? கத்தி பட்டதால். மார்போடு சேர்த்து அக்குளில் இருந்த முடிச்சையெல்லாம் வழித்து எடுத்ததால். கத்தி பட்டதற்குச் சாட்சியாக இருந்த கையைக் கொண்டே கத்தி படவில்லை என்று சாட்சி சொல்கிறாரே, இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல! முதல் வருஷம் அவர் இப்படிச் சொல்லவில்லை. 'பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் இங்க வந்தாங்க' என்றுதான் சொன்னார், அது நிஜம். அடுத்த வருஷம் 'ஆபரேஷன் பண்ணியும் தேறாம வந்தாங்க' ஆயிற்று. அதற்கடுத்து 'ஆபரேஷன் பண்ணியே ஆகோணும்னு சொன்னாங்க, இங்க வந்துட்டாங்க'. குளியலறை சோப்பு தண்ணீரில் கிடந்து கரைவதுபோல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்து கரைந்து இப்போது ஆபரேஷனே இல்லை. கரையக் கரைய அவள் எங்கே இருந்தாள்? பக்கத்தில்தான். முன்வரிசையில். சிரித்த முகமாக. எதற்கடி சிரித்தாய்? அதுவும் தெரியும். அவர் கதையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தது. நூறு பேர் பார்க்கிற இடத்தில், ஒன்றும் வெட்டப்படாத, முழுசான ஒரு சுலோச்சனாவை மாஸ்டர் மைக்கைப் பிடித்துச் செய்து காட்டினார். அவளுக்கு அது வேண்டியிருந்தது, வெட்கங்கெட்டவளுக்கு.

மனுஷன் அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. அப்படியும் இல்லையே. அந்தக் கை எறும்பு மாதிரிச் சுவரில் விரல் விரலாக ஏறியது அவர் பக்கத்தில் நின்றதால்தான். வலித்தால் நிறுத்துங்கள், ஆனால் இறக்காதீர்கள், அங்கேயே மூச்சு விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, நேற்றைக்கு எங்கே தொட்டாளோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, இன்றைக்கு அதற்கு மேலே ஒரு கோடு. தானாக ஜாக்கெட் கொக்கியைப் போட்டுக்கொண்ட அன்று அவள் அழுதாள், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து ஏற்றிய நாட்களில் வயிறு புரட்டும்போது இடது மூக்கில் இழுத்து வலது மூக்கில் விடுகிற அந்த மூச்சுதான் அவளைக் கட்டிலோடு பிடித்து வைத்தது. தூக்கம் வந்தது. திரும்ப வந்துவிடுமோ என்கிற பயம் வந்து மார்மேல் உட்காரும்போது, மார் இல்லாத அந்தப் பக்கத்தில்தான் சரியாக வந்து உட்காரும், அப்போது அந்தப் பயத்தையும் ஒரு மூச்சாக எண்ணி வெளியே விட அவர்தான் கற்றுக்கொடுத்தார். இது போதாதா ஐயா உமக்கு? இதைச் சொன்னால் கூடம் கை தட்டாதா? ஆபரேஷன் உயிரைக் கொடுத்தது, யோகா அந்த உயிரை உடம்புக்குள் குடிவைத்தது என்று சொல்ல என்ன கேடு? சொல்ல மாட்டார். டாக்டரம்மாவுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருக்குமே. ஆசனம் மூன்றாவது படிதான், அதற்குக் கீழே இரண்டு படி இருக்கிறது, அதை ஏறாமல் தலைகீழாக நின்றால் வௌவாலும் யோகிதான் என்று இதே வாய்தானே வகுப்பெடுத்தது? முதல் படியில் அகிம்சை, அதற்கு அடுத்து சத்தியம். உண்மை பிறரைக் காயப்படுத்தும் என்றால் அகிம்சைக்குத்தான் முதலிடம், அதனால்தான் அது முன்னால் நிற்கிறது என்றார். எவ்வளவு அழகாக இருந்தது கேட்கும்போது, நோட்டம் விட்டுப் பார்த்தால் எல்லாரும் உருகிக்கொண்டிருந்தார்கள், அவளும் உருகினாள். பொய் காயப்படுத்தினால்? அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் இன்றைக்குத்தான் தோன்றுகிறது, வாயைக் கட்டிப் போட்ட பிறகு.

இன்றைக்குக் காலையில்கூட மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். தினம் ஒன்று, இன்னும் சில வருஷத்துக்கு நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொன்ன மாத்திரை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அட்டையைப் பிதுக்குகிற சத்தம் வெளியே கேட்காதபடி. கள்ளக் காதல் செய்கிறவள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க மாட்டாள். செக்கப்புக்குப் போகிற அன்று வகுப்புக்கு வராததற்கு 'வீட்டுக்கு ஒறம்பர வந்துட்டாங்க' என்று காரணம் சொல்வாள். பொன்னுசாமி காரோட்டிக்கொண்டு வருவார், வழியில் யாராவது வகுப்புக்காரர் தென்பட்டால் அவரே கண்ணாடியை ஏற்றிவிடுவார். அவருக்கும் இந்தக் கதை பிடித்துவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, "என்ற சம்சாரத்துக்கு எல்லாமே யோகாவுலதானுங்க" என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போவார். பொண்டாட்டிக்கு ஒரு பக்கம் இல்லை என்று ஊர் நினைப்பதைவிட பொண்டாட்டி யோகினி என்று நினைப்பது அவருக்குக் கௌரவம். சமைந்தது முதல் மூடி மூடி வை என்று சொன்ன உடம்பை நோவு வந்தும் மூடி வை என்கிறார்கள், வெட்டி எடுத்த பிறகும் அந்த இல்லாததை மூடி வை என்கிறார்கள். இல்லாததை எதனால் மூடுவது? பொய்யால்தான் மூட முடியும்.

"ஏனுங்க்கா, நெசமாலுமே ஆபரேஷனில்லாமயே போயிருச்சுங்களா?"

இந்துமதிதான். பாயைவிட்டு நகர்ந்து, முழங்காலில் நின்றுகொண்டு, நேராக முகத்துக்கு முன்னால் வந்து கேட்டாள். அவள் மூச்சுகூட சுலோச்சனாவின் கன்னத்தில் பட்டது. அட்டையைப் படித்தாளோ இல்லையோ. படித்தாலும் புதிதாக வந்தவளுக்கு என்ன தெரியும். சுலோச்சனா பார்வையைத் தாழ்த்தினாள், கைகள் தாமாக எழுந்து கூப்பிக்கொண்டன. அவ்வளவுதான் நடந்தது. மூன்று நாளாக ரசத்துக்கும் மோருக்கும் கால்மிதிக்கும் கூப்பிக் கூப்பிப் பழகின கை, கேள்வி என்ற ஒன்று காதில் விழுந்ததும் கூப்பிக்கொண்டது, அவளைக் கேட்கக்கூட இல்லை. இந்துமதியின் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. அவளும் கைகூப்பினாள், குனிந்து சுலோச்சனாவின் முழங்காலைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "போதுங்க்கா. நீங்களே சொன்ன பொறவு எனக்கென்னங்க" என்றாள். கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மாஸ்டர் மெதுவாக, "பாத்தீங்களா, இதுக்குப் பேச்சே தேவையில்லீங்க" என்றார்.

ஐயோ. ஐயோ, நான் ஆமாம் என்று சொல்லவில்லை. மௌனத்தில் இருக்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம், முட்டாளே, ரசம் கேட்டாலும் இதைத்தான் செய்வேன், போய் சமையல்காரரைக் கேட்டுப் பார். சுலோச்சனாவுக்குக் காது இரண்டும் கொதித்தது. கையைப் பிரித்து மடியில் போட்டாள், யாருடைய கையோ போலக் கிடந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். வலது மூக்கு அடுப்பு ஊதுகுழல் மாதிரி இருந்தது, இடது மூக்கு அடைத்துக்கொண்டது. பஸ்ஸும் இல்லை பெஞ்சும் இல்லை, ஒரே புழுதி. இத்தனை நாள் சும்மா இருந்தாள், அது வேறு. யார் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். இது சும்மா இருந்தது இல்லை, கேட்டவளுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. மாஸ்டர் அங்கே பேசிக்கொண்டிருந்தார், தேன் மாதிரிக் குரல், எப்போதும் அவளைத் தூங்கவைக்கிற குரல். "ஒரு மூணு மாசம் ஒடம்புக்கு டைம் குடுங்க அம்மிணி. கத்தி எங்கியும் ஓடிப்போகாது. உள்ள இருக்கற பிராணனுக்குத் தெரியாத வைத்தியமா?" இந்துமதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாசமாம். தள்ளிப்போட்டிருந்தால் உங்களுக்கு முதுகெலும்பு வரை போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது சுலோச்சனாவின் முதுகில் இப்போது ஈரத்துணி போட்டதுபோல் பட்டது. சொல்லிவிடேன். சொன்னால் இந்த இடம் போச்சு. இந்தத் தோப்பு, இந்தப் பாய், தூக்கம் வருகிற அந்தக் குரல், எல்லாம் போச்சு. திரும்ப அந்த நோவு வந்தால் எந்தச் சுவரில் விரலை ஏற்றுவாள்? வகுப்பு முடிந்து தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே. மௌனம் இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இந்துமதி சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவாள். சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே. அடச்சீ, இந்த நேரத்திலும் எழுதிக் கொடுக்க யோசிக்கிறது பார், இந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆம்பளைகள் அந்தப் பக்கம் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் எப்படி அந்த வார்த்தையை... இருக்கட்டும். இருக்கட்டுமே. அவர்கள் பெற்ற தாயிடம் பால் குடிக்காமலா வளர்ந்தார்கள்?

வாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வந்தது. செருமினாள். "ஆபரேஷன் பண்ணித்தானுங்க நான் பொழைச்சேன்" என்றாள். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது, பக்கத்தில் இருந்த இந்துமதிக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. சுலோச்சனா எழுந்து நின்றாள். "இந்தப் பக்கத்து மாரு எனக்கு இல்லீங்க. வெட்டி எடுத்துட்டாங்க. எடுத்துட்டு மருந்து ஏத்துனாங்க, கரண்டு வெச்சாங்க, மசுரெல்லாம் கொட்டிப் போச்சு. வெட்டி எடுத்த பொறவுதான் இங்க வந்தேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் மாத்திர சாப்புடறேன்." தகரக் கூரைக்கு அடியில் அந்த வார்த்தை கணீரென்று கேட்டது. மாரு. ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அம்மா, நீங்க மௌனத்துல இருக்கீங்க" என்றார் மாஸ்டர், குழந்தையிடம் சொல்வதுபோல்.

"என்ற கை ஏன் ஏறலீன்னு மொதமொதல்ல உங்ககிட்டத்தான மாஸ்டர் சொன்னேன்? தையலு போட்ட எடத்தக்கூடக் கேட்டுக்கிட்டுத்தான சுவத்துல கோடு போட்டீங்க? மறந்துட்டீங்களா, இல்ல மறந்தாப்பல இருக்கீங்களா?" சத்தம் ஏறிக்கொண்டே போனது, அவளால் அதை இறக்க முடியவில்லை, இறக்க ஆசையும் இல்லை. "நீங்க செஞ்சத நாஞ் சாகற வரைக்கும் சொல்லுவேன். நீங்க செய்யாதத எதுக்கு என்ற தலைல கட்டறீங்க?"

மாஸ்டர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்பது ஆண்களும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாலு பேருக்கு நம்பிக்க வரட்டுமேன்னுதான்" என்று ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை. வயதான ஆள், திடீரென்று நிஜமாகவே வயதாகித் தெரிந்தார். சுலோச்சனாவுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அதற்காகவும் கோபம் வந்தது. இந்துமதியிடம் திரும்பினாள். சொல்லியாயிற்று, தப்பித்தாள் இந்தப் பெண், இனி என்ன, கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அழட்டும், நாளைக்கே டாக்டரம்மாவிடம் தானே அழைத்துப் போகலாம் என்று ஓடியது மனசு.

இந்துமதி அழவில்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சித்திரையில தேதி குடுத்தாங்க எனக்கு" என்றாள். "பெட்டெல்லாம் சொல்லி வெச்சாச்சு. அன்னைக்குத்தான் அந்த வீடியோ வந்துச்சு. நான் வேண்டான்னுட்டேன். எங்கூட்டுக்காரரு கால்ல விழாத குறையாக் கெஞ்சுனாரு, எங்கம்மா மூணு நாளு சோறு திங்கல. அவங்களுக்கெல்லாம் உங்கள ஓட்டி ஓட்டிக் காட்டுனேன். ஆவணி பொறந்திருச்சுங்க்கா. அப்ப வேர்க்கடலையாட்ட இருந்துச்சு. இப்பக் கையி வெக்காமயே தெரியுது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவரு பேசிட்டுப் போறாரு, அவரு தொழில் அது. அந்த வீடியோவுல நீங்க பக்கத்துல சிரிச்சுட்டு உக்காந்திருந்தீங்களேக்கா! அந்தச் சிரிப்பப் பாத்துத்தான நான் நம்புனேன்."

 சுலோச்சனா இவ்வளவு நேரம் மாஸ்டர்மேல், புருஷன்மேல், ஊர்மேல் என்று வாரி இறைத்த கோபம் எல்லாம் யாருக்குச் சொந்தமோ அவள் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது, அவள் அதைத் திருப்பி எறிகிறாள், எறியட்டும். இந்துமதி குனிந்து பையை எடுத்தாள். பாயைச் சுருட்டவில்லை. செருப்பை ஒழுங்காக மாட்டாமலே தோப்புக்குள் இறங்கி வேகமாக நடந்தாள். சுலோச்சனா வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். தென்னம்பாளையின் சிம்பு காலில் குத்தியது. "திட்டு அம்மிணி, எவ்வளவு வேணும்னாலும் திட்டு, திட்டிக்கிட்டே வா. நாளைக்குக் காலைல நாங் கூட்டிட்டுப் போறேன். எனக்குப் பாத்த டாக்டரம்மாகிட்ட நானே பேசறேன். கூடவே இருக்கறேன்."

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்" என்றாள் இந்துமதி. திரும்பவில்லை, ஆனால் நின்றாள். "டாக்டரு பேரும் ஆஸ்பத்திரி பேரும் மட்டும் சொல்லுங்க."

சுலோச்சனா சொன்னாள்.